எட்டாவது பட்டன்

சண்டை முடிந்து, முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்த மூன்றாம் வருசம், ஒரு பாட்டை எந்தப் பட்டனில் வைப்பது என்று தெரியாமல் இரண்டு மாதம் அலைந்தேன். சொன்னால் சிரிப்பார்கள் என்று அப்போது ஒருவருக்கும் சொல்லவில்லை. இயல்பிலேயே நான் அதிகம் சொல்லுகிற ஆள் இல்லை.

பட்டன் என்றது ஓர்கனில் உள்ள பட்டன். தாளமும் பின்னணியும் தானே வாசிக்கும் கீபோட்டைத்தான் எங்கள் பக்கத்தில் ஓர்கன் என்போம். இடக்கையால் கட்டைகளைப் பிடித்தால் அதற்கேற்ப ட்ரம்மும் கிற்றாரும் உள்ளேயிருந்து வரும். வலக்கை பாட்டை வாசிக்கும். என்னுடையதை மன்னார் ரவுணில் ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். அவர் பதிந்து வைத்திருந்த பைலாத் தாளங்களை அழிக்கவே எனக்கு ஒரு கிழமை பிடித்தது.

அதில் ஒரே வரிசையில் எட்டுப் பட்டன்கள். ஒரு பாட்டுக்கு என்ன தாளம், எவ்வளவு வேகம், வயலினா புல்லாங்குழலா, எந்தச் சுதி என்று எல்லாவற்றையும் ஒருமுறை சரிப்படுத்தி ஒரு பட்டனில் பதிந்துவிட்டால், பிறகு அதை அழுத்தினால் போதும். எட்டும் நிறைந்தால் அடுத்த அடுக்கு. அதிலும் எட்டு. முதலாம் அடுக்கு கலியாண வீடு. இரண்டாவது மாதா கோயில் திருவிழா. மூன்றாவது உயிலங்குளம், திருக்கேதீஸ்வரம் பக்கத்துச் சைவக்காரரின், பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்திய வீடுகளுக்கும் கோயில் விழாக்களுக்கும். நாலாவது செத்தவீட்டு முப்பத்தொராம் நாள் செபம். காலையில், கடற்கரையில் நண்டு வாங்குகிற வாடியில் பெரிது, நடுத்தரம், சிறிது என்று நண்டு தெரிவதுதான் என் தொழில். பின்னேரம் பாட்டுத் தெரிவேன்.

நாங்கள் மூன்று பேர். பாடுகிறவள் என் அக்கா. டோல்கி அடிப்பவர் அத்தான், அக்காவின் புருசன். சாமான்களை ஏற்றும், பெட்டி பூட்டின லான்ட்மாஸ்டர் உழவு மெசினும் அவருடையதுதான். ஓர்கனில் நான். மேடையில் சனத்தின் முகத்தைப் பார்த்தால் என் கை வியர்க்கும். அதனால் அக்காவின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் அடுத்து என்ன பாடப் போகிறாள் என்பதைக் கையைப் பின்னால் கட்டி விரலால் காட்டுவாள். மூன்று விரல் என்றால் மூன்றாம் பட்டன். ஐந்துக்கு மேல் என்றால் இரண்டு கையும். விரல்களைப் பொத்திக் காட்டினால் ஓர்கன் நிற்க வேண்டும் என்று அர்த்தம். பங்குச் சுவாமியார் வருகிறார், ஆரோ அறிவித்தல் சொல்லப் போகிறார் என்கிற மாதிரி நேரங்களில் அந்தப் பொத்தின கை வரும். இந்த ஏற்பாட்டை நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அவள் ஒருநாள் காட்டினாள், நான் விளங்கிக்கொண்டேன்.

ஊருக்கு வந்து முதலில் வாசிக்கப் போனது உயிலங்குளத்தில் ஒரு சாமத்திய வீட்டுக்கு. முகாமில் இருந்த காலம் முழுக்க அக்கா பாடவில்லை. அன்று நல்ல சாறி கட்டி, தலையில் பூ வைத்து, முன்னம் எந்தச் சுதியில் பாடினாளோ அதே சுதியில் தொடங்கினாள். நாலாவது பாட்டில் மேலே ஏறுகிற இடத்தில் குரல் கிழிந்துவிட்டது. இருமுவது போலச் சமாளித்தாள். திரும்பும்போது லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஸ்பீக்கரின் மேல் குந்தியிருந்தாள். றோட்டுப் போடுகிற காலம். செம்மண் புழுதி எங்கள் தலையெல்லாம் ஏறியது.

“அது உயிலங்குளத்துத் தண்ணியப்பா. வயல் தண்ணி எங்கட தொண்டைக்குச் சரிவராது” என்று அத்தான் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

“நீங்கள் றோட்டைப் பாருங்கோ” என்றாள் அக்கா.

அக்கா வாய்க்குள் பாடாமல் ஒரு வேலையும் செய்யமாட்டாள். மீன் வெட்டும்போதும் உடுப்புத் தோய்க்கும்போதும் ஒரு முனகல் இருக்கும். அதன் பிறகு அந்த முனகலும் நின்றது. எங்கள் இரண்டு தகரக் கொட்டில்களுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அந்தப் பக்கம் சட்டிபானைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

நாலாம் நாள் ஓர்கனை எடுத்து, அவள் பாடும் பாட்டு எல்லாவற்றையும் சுதியில் அரைக்கட்டை இறக்கிப் பதிந்தேன். அதற்கென்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் திரையில் கழித்தல் ஒன்று என்று விழும். திரை என் பக்கம் பார்த்து இருப்பதால் முன்னால் நிற்பவருக்குத் தெரியாது. அடுத்த பயிற்சியில் அக்கா பாடினாள். குரல் கிழியவில்லை, ஆனால் கஷ்டப்பட்டாள். இன்னொரு அரைக்கட்டை இறக்கினேன். ஒரு மாதம் பொறுத்து இன்னொன்று. மொத்தம் ஒன்றரைக் கட்டை. அவள் கழுத்து நரம்பு புடைக்காமல் பாடி முடித்து, அத்தானின் தோளில் ஒரு அடி போட்டாள்.

“பாத்தீங்களே! தொண்டை திரும்பி வந்திட்டுது!”

“மிளகும் கற்கண்டும் ஆர் வாங்கித் தந்தது?” என்றார் அத்தான்.

“உங்கட மிளகு. மாதா தந்ததப்பா இது.”

அப்போதுதான் நேர்த்தியைப் பற்றிச் சொன்னாள். உயிலங்குளத்தால் வந்த மறுநாள், கூரையில்லாமல் கிடந்த எங்கள் மாதா கோயிலுக்குள் போய் முழந்தாளிட்டு நேர்ந்திருக்கிறாள். தொண்டையைத் திருப்பித் தந்தால், கோயில் திருத்தி வரும் முதல் திருவிழாவில் கூட்டுப் பாட்டைத் தானே பாடுவதாக.

கூட்டுப் பாட்டு என்றால் எங்கள் ஊருக்கு மட்டும் விளங்கும். திருவிழாப் பூசை முடிந்ததும் மாதா சுரூபத்தைக் கூட்டில் வைத்து ஊர் சுற்றிக் கொண்டுபோவோம். எட்டு ஆம்பிளைகள் தண்டுக்குக் கீழே குனிந்து நிற்பார்கள். ஒருவர் பாடத் தொடங்குவார். பாட்டின் மூன்றாம் அடியில் ஒரு பெரிய ஏற்றம் உண்டு. அந்த ஏற்றத்தில்தான் கூட்டைத் தோளுக்குத் தூக்குவார்கள். ஒன்று, இரண்டு என்று ஒருவரும் எண்ணமாட்டார்கள். பாட்டு ஏறும், கூடும் ஏறும். இடம்பெயர முன்னம் பல வருசம் அதைப் பாடியவள் அக்கா. ஊரில் இன்றைக்கும் சிலர் அவளைக் கூடு தூக்கிற பிள்ளை என்றுதான் சொல்வார்கள்.

“பழைய சுதியிலதான் பாடுவன். நேத்தி எண்டால் ஒரு குண்டுமணியும் குறையக்கூடாது” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீ பழைய சுதிதானே வைச்சிருக்கிறாய்?”

“ஓம் அக்கா” என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது.

அதன் பிறகு அவள் கிணற்றடியில், கூப்பன் கடையில், பஸ்சுக்கு நின்ற இடத்தில் எல்லாம், மாதா தொண்டையைத் திருப்பித் தந்த புதுமையைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். இலுப்பைக்கடவையிலிருந்து ஒரு மனுசி, குரல் அடைத்துப்போன தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, எந்த நேரம் என்ன செபம் சொன்னது என்று விசாரித்துப் போனாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். மாதாவின் பெயரில் புதுமை செய்தது ஓர்கனில் உள்ள ஒரு பட்டன். அதை அழுத்தியது என் விரல்.

திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருந்தது. திருவிழா அடுக்கில் எட்டாவது பட்டனில் ஒன்றரைக் கட்டை இறக்கின கூட்டுப் பாட்டு கிடந்தது. அதை அப்படியே விட்டால் அக்கா நன்றாகப் பாடுவாள், சனம் மெச்சும், நேர்த்தி மட்டும் பொய்யாகும். பழைய சுதிக்கு ஏற்றினால் நேர்த்தி மெய்யாகும், ஆனால் கூடு தூக்குகிற இடத்தில் ஊருக்கு முன்னால் அவள் குரல் கிழியும். அதற்குப் பிறகு அவள் பாடவேமாட்டாள் என்பது எனக்கு நிச்சயம்.

பழைய சுதியில் இன்னொன்று பதிந்தேன். அதை ஏழாவதில் வைத்தேன். அடுத்த நாள் இரண்டையும் இடம் மாற்றினேன். பிறகு எட்டாவதை மூன்றாம் அடுக்குக்குக் கொண்டுபோய் ஒளித்து வைத்தேன். அங்கே இருந்ததை நாலாம் அடுக்குக்கு, நாலாவதில் இருந்ததை முதலாவதுக்கு. சோளகக் காற்றுத் தகரத்தை அடித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்குள் நான் தினமும் பாட்டுகளைத் தூக்கித் தூக்கி வேறு வேறு இடத்தில் வைத்தேன். வாடியில் நடுத்தர நண்டைப் பெரிய நண்டுப் பெட்டியில் போட்டு ஏச்சு வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பத்துப் பேர் இருந்தார்கள். இரண்டு பேர் ஆனதும் வெளியே வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டேன். சுவாமியாரிடம் என்ன பாவம் என்று சொல்வது? பாட்டை இறக்கினேன் சுவாமி என்றா?

கடைசியில் அது கலியாண வீட்டில் போய் முடிந்தது.

மன்னார் தீவில், தலைமன்னார் றோட்டில் ஒரு மண்டபம். பொம்பிளையும் மாப்பிளையும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அக்கா பின்னால் மூன்று விரலைக் காட்டினாள். நான் மூன்றை அழுத்தினேன். அங்கே முன்பு இருந்தது துள்ளலான வரவேற்புப் பாட்டு. முந்தின நாள் நான் அதை ஆறாவதுக்குத் தள்ளி, நாலாம் அடுக்கில் இடமில்லாமல் போனதை அங்கே வைத்திருந்தேன். தட்டு எடுத்த பிள்ளைகள் முன்னால் அடி எடுத்து வைக்க, ஸ்பீக்கரில் முப்பத்தொராம் நாள் செபப் பாட்டின் முகப்பிசை மெதுவாக, நீட்டி முழக்கிக்கொண்டு வந்தது. மண்டபம் திகைத்துப் போனது. பொம்பிளையின் தாய் நெஞ்சில் சிலுவை போட்டாள்.

அக்கா ஒரு கையைப் பொத்திக்கொண்டு மறு கையால் மைக்கைப் பிடித்தாள்.

“குறை நினைக்காதேங்கோ. ஓர்கன்காரர் இன்னும் கலியாணம் கட்டேல்லை. கலியாணம் எண்டால் அவருக்கு இப்பிடித்தான் கேக்குது.”

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மாப்பிளையும் சிரித்தார். ஓர்கனுக்குக் கீழே போய் ஒளியலாம் போல எனக்கு இருந்தது.

வெளியே சாமான் ஏற்றும்போது அக்கா சிரிக்கவில்லை. மதில் ஓரத்தில் இரண்டு கழுதைகள் வாழையிலைகளை இழுத்துத் தின்றுகொண்டு நின்றன.

“என்னடா உனக்கு? ஏன் இதை மாத்திக்கொண்டே இருக்கிறாய்?”

“சும்மா அக்கா.”

“சும்மாவோ? அந்த மனுசி சிலுவை போட்டவள்! இன்னும் ரெண்டு கிழமையில திருவிழா. அண்டைக்கும் இப்பிடிச் செய்வியோ?”

“விடுமப்பா” என்றார் அத்தான். “அந்தா நிக்கிற கழுதைக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? எதைத் தூக்கி வைச்சாலும் சுமக்கும். ஏன் எண்டு கேட்டால் சொல்லாது.”

அக்கா தன் பாட்டுக் கொப்பியை என் நெஞ்சில் தள்ளினாள். “எந்தப் பட்டனில எது எண்டு இதில எழுதித் தா. எழுதின பிறகு நீ ஒண்டையும் அசைக்கக்கூடாது.”

கொப்பியை மூன்று நாள் வைத்திருந்தேன். கலியாண அடுக்கை எழுதுவது சுகமாக இருந்தது. திருவிழா அடுக்கில் ஆறு வரை எழுதினேன். பிறகு பேனையை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். வேலியைத் திருத்தினேன். திரும்பி வந்து இருந்தேன். வாயால் சொல்ல முடியாததைக் கையால் எழுதலாம் என்று அப்போதுதான் பட்டது.

ஏழு: கூட்டுப் பாட்டு, பழைய சுதி. எட்டு: கூட்டுப் பாட்டு, ஒன்றரைக் கட்டை கீழே. அதற்கு அடியில் இன்னும் ஒரு வரி எழுதினேன். ‘உயிலங்குளத்துக்குப் பிறகு எல்லாப் பாட்டும் கீழேதான் அக்கா. நான்தான் இறக்கினேன்.’

அவள் இல்லாத நேரம் பார்த்துக் கொப்பியை அவளுடைய மேசையில் தையல் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டு வந்தேன்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அடுத்த நாளும் இல்லை. கொப்பி மேசையில் இல்லை என்பதை வேலி ஓட்டைக்குள்ளால் பார்த்தேன். திருவிழாவுக்கு முந்தின ஒன்பது நாளும் செபம் சொல்லுகிற நவநாள் தொடங்கியது. அக்கா தினமும் பின்னேரம் கோயிலுக்குப் போனாள். செபம் முடிந்து சனம் கலைந்த பிறகும் உள்ளேயே இருந்தாள். கை பட்டன்களுக்குப் போகும், அசைக்கக்கூடாது என்று சொன்னது ஞாபகம் வரும், எழுந்து வெளியே போவேன், திரும்பி வருவேன்.

அத்தான் வாடிக்கு வந்து என்னைத் தனியே கூப்பிட்டார். “மச்சான், உன்ர அக்கா நாலு நாளாய் என்னோட சண்டை பிடிக்கேல்லை. நான் ஏதும் செய்தனானோ? உனக்குத் தெரிஞ்சால் சொல்லு.”

“நீங்கள் ஒண்டும் செய்யேல்லை அத்தான்.”

“அப்ப நீ செய்தனி” என்றார். நான் நண்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திருவிழா அன்று காலைப் பூசைக்குக் கோயில் நிரம்பி வழிந்தது. புதுத் தகரக் கூரை. சுவரில் சண்டைக் காலத்துத் துளைகளைச் சீமெந்தால் அடைத்த இடங்கள் வெள்ளை பூசியும் தெரிந்தன. மன்னாரிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் சனம் வந்திருந்தது. நான் பீடத்துக்கு இடப்பக்கம் ஓர்கனோடு இருந்தேன். அன்று அத்தானிடம் டோல்கி இல்லை. கூடு தூக்குகிறவர்களில் அவரும் ஒருவர். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, கூட்டின் முன்தண்டுக்குப் பக்கத்தில் நின்றார்.

பூசை முடிந்தது. சுரூபம் கூட்டில் ஏறியது. எட்டுப் பேரும் தண்டுக்குக் கீழே குனிந்தார்கள். அக்கா மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள். உயிலங்குளத்துக்குக் கட்டின அதே சாறி. கைகளைப் பின்னால் கட்டினாள். என் சுட்டுவிரல் ஏழுக்கு மேலும் நடுவிரல் எட்டுக்கு மேலும் நின்றன. ஒரு கையில் ஐந்து விரல் விரிந்திருக்கும், மறு கையில் இரண்டா மூன்றா என்று பார்த்தால் போதும்.

இரண்டு கையும் பொத்தியிருந்தன.

ஏதோ அறிவித்தல் என்று நினைத்துப் பார்த்தேன். சுவாமியார் அசையாமல் நின்றார். கை அப்படியே இருந்தது. நான் விரல்களை எடுத்து மடியில் வைத்தேன்.

அக்கா தனிக்குரலில் தொடங்கினாள். மிகக் கீழே தொடங்கினாள். எட்டாவது பட்டனுக்கும் கீழே, நான் யோசித்தும் பார்க்காத ஒரு இடத்தில். சனத்துக்குள் ஒரு அசைவு ஓடியது. பழைய ஆட்களுக்கு இது அந்தப் பாட்டுத்தானா என்றே சந்தேகம் வந்திருக்கும். முதலாம் அடி, இரண்டாம் அடி. கிளிச் சத்தம் போல இருந்த அந்தப் பழைய குரல் அதில் இல்லை. வயது போன ஒரு பொம்பிளையின் குரல், கொஞ்சம் கரகரப்போடு. மூன்றாம் அடி வந்தது. அவள் அவசரப்படவில்லை. படி ஏறுகிறவளைப் போல ஒவ்வொன்றாக ஏறினாள்.

தண்டின் கீழே நின்றவர்கள் காத்திருந்தார்கள். அவர்களுடைய காது இன்னும் மேலே எங்கேயோ இருந்தது. ஏற்றம் வந்துவிட்டது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. கூடு நிலத்திலேயே இருந்தது. அக்கா அந்த ஓசையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முன்தண்டு அசைந்தது. அத்தான் தனியாகத் தோளைக் கொடுத்து எழும்பினார். கூடு ஒரு பக்கம் சரிந்தது, பொம்பிளைகள் “மாதாவே” என்று கத்தினார்கள், மற்ற ஏழு பேரும் அடித்துப் பிடித்து எழும்பினார்கள். கூடு நேராகித் தோளில் நின்றது. அக்கா அப்போதுதான் அந்த ஓசையை விட்டாள். பிறகு சனமும் சேர்ந்து பாடத் தொடங்கியது. அவள் தொடங்கின அந்தச் சுதியில், எல்லோருக்கும் வசதியாக, ஆம்பிளைகளுக்குக்கூட.

கூட்டோடு சுற்றுப்பிரகாரம் ஊர்வலமாகக் கடற்கரைப் பக்கம் போனதும் கோயில் வெறுமையானது. நான் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அக்கா திரும்பி வந்து பீடத்துப் படியில் குந்தினாள். கையில் கொப்பி.

“நான் எந்தச் சுதியில நிண்டனான்?”

ஓர்கனைப் போட்டு மெதுவாக வாசித்துப் பார்த்தேன். “ரெண்டரைக் கட்டை கீழ.”

“ரெண்டரையோ!” என்றாள். சிரிப்பா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. “நீ ஒண்டரைதானே விட்டனி.”

“நேத்தி...” என்று தொடங்கினேன்.

“அதை மாதாவோட ஒன்பது நாளும் கதைச்சு முடிச்சிட்டன். இலுப்பைக்கடவை மனுசிக்கும் ஆள் அனுப்பிச் சொல்லியாச்சு. உன்னோடதான் இன்னும் கதைக்கேல்லை.”

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் எழும்பி வந்து, சின்ன வயதில் செய்வது போல என் காதைப் பிடித்துத் திருகினாள். நாற்பத்தாறு வயது எனக்கு. நன்றாக நொந்தது.

“வாயில கொழுக்கட்டையே வைச்சிருந்தனி? கிழிஞ்சிட்டுது அக்கா, இறக்கிப் பாடுவம் எண்டு சொல்ல எவ்வளவு நேரம்?”

“சொன்னால் பாடாமல் விட்டிடுவீங்கள் எண்டு பயந்தனான்.”

காதை விட்டாள். தூரத்தில் வெடி கொளுத்தும் சத்தம் கேட்டது.

“விட்டுத்தான் இருப்பன்” என்றாள். பிறகு ஒரு கதிரையை இழுத்து ஓர்கனுக்கு அந்தப் பக்கம் அல்ல, என் பக்கம் போட்டு, திரையைப் பார்த்து இருந்தாள். “முதலாம் அடுக்கை எடு. முதலாம் பட்டன். எவ்வளவு கீழ எண்டு வாயைத் திறந்து சொல்லு.”

“கழித்தல் மூண்டு. ஒண்டரைக் கட்டை.”

“இதில அவ்வளவு வேண்டாம். அரை ஏத்து.”

ஏற்றினேன். பாடிப் பார்த்தாள். முகத்தைச் சுழித்தாள்.

“சரி, இறக்கு.”

ஐந்தாம் பட்டனுக்கு வரும்போது அத்தான் வேட்டியெல்லாம் மண்ணாக, தோளைத் தடவிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். “இஞ்சேருமப்பா, அடுத்த வருசமும் அந்தக் கிணத்துக்குள்ள இருந்துதான் பாடுவீரோ? தூக்கிறவங்களுக்கு முன்னமே சொல்லி வைக்கவேணும்” என்றார்.

“பேசாமல் இருங்கோ, இஞ்ச வேலை நடக்குது” என்றாள் அக்கா. “ஆறு.”

நான் ஆறை அழுத்தினேன்.